மிதி



ஆசிரியர் தொழிலில் முப்பது ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். இத்தனை காலத்தில் மாணவர்களுக்கு எத்தனை தவறான விடைகளைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். அண்மையில் ஒன்று பட்டுவிட்டது. பட்டது என் கண்ணில்தான் என்பதால் கொஞ்சம் மானம் தப்பியது.

ஆறாம் ஆண்டு அறிவியல் பாடம். எளிய எந்திரங்களில் நெம்புகோலை விளக்கிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல், கடப்பாரை, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை என்று வழக்கமான எடுத்துக்காட்டுகளைச் சொல்லி முடித்தபின், பழைய தையல் மெசினின் மிதியையும் சேர்த்துக்கொண்டேன். கையால் மட்டுமன்று, காலாலும் நெம்புகோலை இயக்கலாம் என்பதற்காகச் சொன்னது அது. அப்போது பின்வரிசையில் ஒரு மாணவன் கையை உயர்த்தினான். வீட்டில் அவனுடைய அண்ணன் கணினியில் டாங்கிப் போர் விளையாட்டு ஆடுவானாம்.

“ஐயா, அண்ணன் மௌசை அழுத்தித்தான் சுடுவார். உண்மையான டாங்கியில் எதை அழுத்துவாங்க?”

“சுடுவிசையைத்தான். துப்பாக்கியைப் போலவே விரலால் அழுத்துவார்கள்” என்றேன், சற்றும் தயங்காமல். மணி அடித்தது. வகுப்பு முடிந்தது.

அன்றிரவு ஏனோ அந்த விடை உறுத்திக்கொண்டே இருந்தது. தயங்காமல் சொன்ன விடைகளைத்தான் ஆசிரியர்கள் சரிபார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, நான் சொன்னது பாதிகூடச் சரியில்லை என்று தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் வரை செய்யப்பட்ட அமெரிக்க ஷெர்மன் டாங்கியில், பீரங்கியைச் சுடுபவர் வழக்கமாகப் பயன்படுத்தியது விரலை அன்று, பாதத்தை!

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஆனால் விடையை உடனே சொல்லவில்லை. அந்த மாணவனையே முன்னே அழைத்து ஒரு நாற்காலியில் அமர்த்தினேன். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, நண்பன் ஒருவனை அதை அவன் கண்ணருகே பிடித்துக்கொள்ளச் செய்தேன். அது டாங்கியின் பார்வைக்குழல். இடக்கைக்கு ஒரு சக்கரம் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதைச் சுற்றினால் பீரங்கியின் குழாய் மேலும் கீழும் அசையும். வலக்கைக்கு ஓர் அளவுகோலைப் பிடியாகக் கொடுத்தேன். அதைத் திருப்பினால் டரட் எனப்படும் மேற்கூடு முழுவதுமே இடமும் வலமும் சுழலும். வகுப்பின் மறுகோடியில் ஒரு மாணவி அட்டைப்பெட்டி ஒன்றை உயர்த்தியும் தாழ்த்தியும் நடந்தாள். அதுதான் இலக்கு. பையன் குழலுக்குள் பார்த்தபடி இரண்டு கைகளையும் மும்முரமாக இயக்கிப் பின்தொடர்ந்தான்.

“பிடித்துவிட்டாயா?”

“பிடிச்சிட்டேன், ஐயா!”

“சரி, சுடு!”

அவன் அளவுகோலை விட்டுவிட்டுக் கற்பனைச் சுடுவிசையைத் தேடினான். அதற்குள் அட்டைப்பெட்டி குழலின் வட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டது. மறுபடியும் பிடித்தான். இம்முறை இடக்கையை விட்டான். குழாய் கீழே சரிந்துவிட்டதாக நான் தீர்ப்பளித்தேன். வகுப்பே சிரித்தது. மூன்றாம் முறையும் அவன் விழித்துக்கொண்டிருந்தபோது, பெட்டியைப் பிடித்திருந்த மாணவி பொறுமையிழந்து கத்தினாள்: “கால் சும்மாதானே இருக்கு!”

நான் ஒரு மணி நேரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஷெர்மனை வடிவமைத்தவர்களும் ஏறத்தாழ இந்த வழியாகத்தான் அங்கே வந்திருப்பார்கள். சுடுபவரின் பாதத்தின்கீழ் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று பெரிய பீரங்கிக்கு, மற்றொன்று அதன் பக்கத்திலேயே இணையாகப் பொருத்தப்பட்ட எந்திரத் துப்பாக்கிக்கு. பொத்தானை மிதித்தால் மின்சாரம் பாய்ந்து ஒரு மின்காந்தத்தை இயக்கும். அது சுடும் அமைப்பை விடுவிக்கும். மின்சாரம் போய்விட்டால் கையால் சுடவும் வழி வைத்திருந்தார்கள். கண் பார்வைக்குழலிலும், ஒரு கை சக்கரத்திலும், மற்றொரு கை பிடியிலும் இருக்க, எஞ்சியிருந்த ஓர் உறுப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. அவ்வளவுதான்! கால் கையைவிடச் சற்றுத் தாமதமாகவே கட்டளைக்கு இணங்கும் என்பது உண்மை. ஆனால் இலக்கைவிட்டுக் கையை எடுப்பதனால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் அந்தத் தாமதம் ஒன்றுமேயில்லை.

இது புதிய சிந்தனையும் அன்று. குழித்தறியில் அமரும் நெசவாளர் கைகளால் நாடாவை ஓட்டிக்கொண்டே கால்களால் மிதிகட்டையை மிதித்து இழைகளைப் பிரிக்கிறார். பழைய நாடகக் குழுக்களில் ஆர்மோனியத்தைக் காலால் மிதித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் வாசித்தார்கள். பல் மருத்துவரும் கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு காலால்தான் அதை ஓட்டுகிறார். நுட்பமான வேலையைக் கைக்கும், ‘இப்போது’ என்ற ஒரே சொல்லைக் காலுக்கும் பிரித்துக் கொடுப்பது மனிதன் நெடுங்காலமாகச் செய்துவரும் ஏற்பாடு.

எதிர்ப்பக்கத்திலும் கால்கள் சும்மா இருக்கவில்லை. செர்மனியின் டைகர் டாங்கியில் பெரிய பீரங்கியின் சுடுவிசை கைச்சக்கரத்தில்தான் இருந்தது. ஆனால் இணைத் துப்பாக்கிக்கு ஒரு மிதி உண்டு. அதுவன்றி, மேற்கூட்டைச் சுழற்றுவதற்கே ஒரு கால்பலகை இருந்தது. பாதத்தை முன்னால் சாய்த்தால் ஒரு பக்கமும் பின்னால் சாய்த்தால் மறுபக்கமும் கூடு சுழலும். அதற்கு வேண்டிய ஆற்றல் டாங்கியின் எஞ்சினிலிருந்தே வந்ததால், எஞ்சின் நின்றுவிட்டால் கால்பலகையும் செத்துவிடும். பிறகு கையால்தான் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். பல டன் எடையுள்ள இரும்புக் கூட்டைக் கையால் திருப்புகிற வேகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

என்னை மிகவும் ஈர்த்தது சோவியத்து நாட்டின் டி-34. அதன் முதல் வகையில் மேற்கூட்டுக்குள் இருவருக்கு மட்டுமே இடம். ஒருவர் குண்டு ஏற்றுபவர். மற்றவர் டாங்கியின் தளபதி, சுடுபவரும் அவரே. பீரங்கிக்கு ஒன்றும் எந்திரத் துப்பாக்கிக்கு ஒன்றுமாக அவருக்கு இரண்டு மிதிகள். டாங்கிக்குள் பேசிக்கொள்வதற்குக் கருவி இருந்தும் அது பல வேளைகளில் கைவிட்டுவிடும். எஞ்சினின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஓட்டுநர் தளபதியின் காலுக்கு முன்னே கீழே அமர்ந்திருப்பார். ஆகையால் தளபதி தம் காலணியால் ஓட்டுநரின் தோளை அழுத்துவார். இடத்தோளை அழுத்தினால் இடப்பக்கம் திருப்பு, வலத்தோளை அழுத்தினால் வலப்பக்கம் திருப்பு, தலையில் வைத்தால் நில்! அந்த டாங்கிகளில் போரிட்டு உயிர்தப்பிய வீரர்கள் பலர் தங்கள் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் ‘ஐயோ’ என்றார்கள். அவர்கள் அதிர்ந்தது குண்டுக்கு அன்று. தோழனின் தலையில் காலை வைத்ததற்கு! நம் வீடுகளில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் தெரியாமல் கால் பட்டாலும் அப்படியே. அந்தப் பிள்ளைகளுக்குக் கொல்வதைவிட மிதிப்பது உடனடியாகப் புரிகிற குற்றமாக இருந்தது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு வருவோம். காலின் தேவை அங்கேதான் மிக வெளிப்படையாகத் தெரிகிறது. டாங்கியின் இலக்கு பெரும்பாலும் தரையில் ஊர்வது. விமானமோ நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கைகள் சக்கரத்தைவிட்டு ஒரு கணம் அகன்றாலும் எல்லாம் போயிற்று.

செர்மானியரின் நான்கு குழல் கொண்ட 20 மில்லிமீட்டர்ப் பீரங்கி ஒன்று உண்டு. அதற்கு இரண்டு மிதிகள். ஒவ்வொரு மிதியும் மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு குழல்களை இயக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் நான்கும் சுடும். ஒரே மிதி போதாதா என்று கேட்கலாம். ஒவ்வொரு குழலுக்குமான தோட்டாப் பெட்டியில் 20 தோட்டாக்கள்தாம். போர்க்களத்தில் நடைமுறையில் நான்கு குழல்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 800 தோட்டாக்கள் வரை சுட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழலுக்கு நிமிடத்துக்கு 200. ஆக, ஆறு நொடிக்கு ஒருமுறை பெட்டியை மாற்ற வேண்டும்! ஒரு காலை எடுத்துவிட்டு மறுகாலை வைத்திருந்தால், இரண்டு குழல்களுக்குப் பெட்டி மாற்றும்போது மற்ற இரண்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். (இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பதினான்கு பேர் சரியாகச் செய்தார்கள். கணிதப் பாடத்தில் அந்த எண்ணிக்கை வந்ததேயில்லை!)

இந்தக் கதையில் நம் நாட்டுக் கரையோரம் வரை வந்த பீரங்கி ஒன்று இருக்கிறது. அதுதான் சுவீடன் நாட்டில் உருவான 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ். நான்கு நான்காகக் கோத்த குண்டுகளை மேலிருந்து இறக்குவார்கள். ஒருவர் சக்கரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் திருப்புவார். மற்றொருவர் வேறொரு சக்கரத்தைச் சுற்றிக் குழாயை உயர்த்துவார். சுடுவது காலால். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும் வரை, குண்டுகளை ஊட்டிக்கொண்டிருக்கும் வரை, அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 வீதம் சுட்டுக்கொண்டே இருக்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். இந்த மிதி மின்பொத்தான் அன்று. கம்பிகளாலும் இணைப்புகளாலும் சுடும் அமைப்போடு பிணைக்கப்பட்டது. என் பாட்டியின் தையல் மெசினைப்போல உண்மையான நெம்புகோல்!

1941 டிசம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்க்கப்பலும் ‘ரிபல்ஸ்’ கப்பலும் புறப்பட்டன. 10ஆம் நாள் குவாந்தான் கடலுக்கு அப்பால் சப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். இந்த வரலாறு இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒரு சிறு செய்தி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அன்றைய நாளில் மிகப் புதிய கப்பல்களுள் ஒன்று. பெரிய பீரங்கிகளும் எட்டுக் குழல் கொண்ட ‘பாம்-பாம்’ பீரங்கிகளும் அதில் நிறைந்திருந்தன. போஃபர்ஸ் ஒன்றே ஒன்று, பின்தளத்தில். முதலில் தாக்கிய நீர்மூழ்கிக் குண்டு கப்பலின் பின்பகுதியைச் சிதைத்தது; தண்ணீர் புகுந்தது; கப்பலின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்றது. மின்சாரத்தை நம்பிய பீரங்கிகள் பல அசையாமல் போயின. பாம்-பாம் பீரங்கிகளோ பழுதான தோட்டாக்களால் மீண்டும் மீண்டும் அடைத்துக்கொண்டன. பின்தளத்தில் இருந்த அந்த ஒற்றைப் போஃபர்ஸுக்கு மின்சாரம் தேவையில்லை. கையால் சுற்றிக் காலால் மிதித்தால் போதும். அப்படிப்பட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதுதான் துயரம். பத்து இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அத்தனை விமானங்களுக்கு எதிரே, துணைக்கு ஒரு போர்விமானமும் இல்லாமல் நின்ற கப்பல்கள் அவை.

மறுநாள், 11ஆம் தேதி, பினாங்கு ஜார்ஜ்டவுனின்மேல் குண்டு விழுந்தது. அங்கே ஒற்றைப் போஃபர்ஸ்கூட இல்லை. விமானத்தைச் சுட ஒரு பீரங்கியும் இல்லாத ஊர் அது.

என் பாட்டி அன்று பினாங்கில் இருந்தார். பத்து வயதுச் சிறுமி. அவருடைய தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பாட்டி அந்த நாளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேசும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: “தேர் பாக்க ஓடுற மாதிரி ஓடினோம்யா.” விமானங்களைக் கண்டதும் ஓடி ஒளிய வேண்டும் என்று அந்த ஊர் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பாட்டியின் கதை அதற்குமேல் போகாது. அப்படியே எழுந்து போய்த் தையல் மெசினில் உட்கார்ந்துகொள்வார்.

அந்த மெசின் சிங்கர். கறுப்பு உடலில் பொன்னிறப் பூவேலை, கீழே வார்ப்பிரும்பில் கம்பிப்பின்னல் போன்ற மிதி. கணவரை இளமையிலேயே இழந்த பாட்டி அந்த மிதியை மிதித்துத்தான் நான்கு பிள்ளைகளை வளர்த்தார். தோட்டத்துப் பெண்களின் இரவிக்கைகளும் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளும் அதிலிருந்துதான் பிறந்தன. பாதம் முன்னும் பின்னும் அசைய, கைகள் துணியை நகர்த்த, அவருடைய கண் ஊசியைவிட்டு அகலாது. ஷெர்மனில் அமர்ந்தவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாட்டி துணியின்மேல் குனிந்திருக்கும் அந்தத் தோற்றம்தான். ஒப்பிடக்கூடாத ஒப்பீடு என்று உடனே வெட்கப்பட்டேன். ஆனால் உடல் செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றுதான், என்ன செய்வது?

ஆயுத பூசை அன்று மெசினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். சக்கரத்துக்கு ஒரு பொட்டு, ஊசி இருக்கும் தலைப்பகுதிக்கு ஒரு பொட்டு. கடைசியாக மண்டியிட்டு மிதிக்கும் ஒரு பொட்டு. சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன்: “காலை வைக்கிற இடத்துக்குப் போய்ப் பொட்டா, பாட்டி?” மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன் அவர் குனிந்து அந்த மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் காலை வைத்தார். குங்குமம் அவருடைய உள்ளங்காலில் ஒட்டியது. என் கேள்விக்கு வாயால் விடை சொன்னதாக நினைவில்லை.

இவற்றில் பாதியை வகுப்பில் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் எதுவரை போகலாம் என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம்தான். நான் நிறுத்திக்கொண்டபோதும் அட்டைப்பெட்டி பிடித்த மாணவி விடவில்லை. “ஐயா, மிதிக்கிறவருக்கு, அது யாருமேல படுதுன்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது என்று பொதுவாகச் சொல்லி நழுவினேன். நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கப் படையில் கிளாரன்ஸ் ஸ்மோயர் என்று ஒரு டாங்கிச் சுடுநர் இருந்தார். ஷெர்மன் டாங்கியில் சுட்டுப் பழகியவர். அதாவது, நம் வகுப்பறை நாற்காலியில் பையன் உட்கார்ந்ததைப் போல உட்கார்ந்து, காலால் சுட்டவர். பிறகு பெர்ஷிங் என்ற புதிய டாங்கிக்கு மாற்றப்பட்டார். 1945 மார்ச் 6ஆம் நாள் செர்மனியின் கொலோன் நகரத் தெருக்களில் சண்டை. ஒரு நாற்சந்தியில் அமெரிக்க டாங்கியும் செர்மானிய டாங்கியும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்த வேளையில், கறுப்பு நிறக் கார் ஒன்று குறுக்கே பாய்ந்து வந்தது. பகைவரின் வண்டி என்று எண்ணி ஸ்மோயர் எந்திரத் துப்பாக்கியால் சுட்டார். எதிர்ப்பக்க டாங்கியும் சுட்டது. காரில் இருந்தவர்கள் படைவீரர்கள் அல்லர். ஊரைவிட்டுத் தப்ப முயன்ற ஒரு கடைக்காரரும் அவரிடம் வேலை பார்த்த இளம்பெண்ணும். இருவரும் மாண்டார்கள். அன்று அங்கே ஒரு படைப் புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தெருவில் கிடத்தப்பட்டிருந்ததும் அப்படத்தில் பதிவாகியது.

அன்றே அதே நகரின் பெருங்கோயிலருகே, ஸ்மோயரின் டாங்கி ஒரு பாந்தர் டாங்கியை அழித்தது. அந்தக் காட்சியும் படம்பிடிக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. ஊரார் அவரை வீரர் என்றார்கள். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, முதியவரான பின் அந்தப் பழைய படத்தைப் பார்த்தபோது, அவரைத் தூங்கவிடாமல் செய்தது பாந்தர் அன்று, அந்தக் கார். தம் தோட்டாதானா, எதிரியின் தோட்டாவா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 2013ஆம் ஆண்டு தொண்ணூறை நெருங்கிய வயதில் மீண்டும் கொலோன் சென்றார். அன்று எதிரே நின்ற டாங்கியில் இருந்த குஸ்தாவ் ஷேஃபர் என்ற செர்மானியரைச் சந்தித்தார். எதிரெதிரே நின்று சுட்ட அந்த இருவரும் அப்பெண்ணின் நினைவாகச் சேர்ந்து மலர் வைத்தார்கள். அதன்பின் நண்பர்களாகவே இருந்தார்கள். ஸ்மோயர் 2022இல் காலமானார்.

அந்த நாற்சந்தியில் அவர் பார்த்தது ஒரு கண்ணாடி வட்டத்துக்குள் சில நொடிகள் தெரிந்த ஒரு கறுப்புக் காரை மட்டுமே. அந்தச் சில நொடிகளுக்காக அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு கிழவர் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

காலுக்கு இடப்பட்ட வேலை மிகச் சிறியது, ஓர் அழுத்தம். அதனால் மனத்துக்கும் அது சிறியதாகத் தோன்றும் என்று வடிவமைத்தவர் எவரும் நினைத்திருக்கமாட்டார். அவர்களுடைய கவலையெல்லாம் கை இலக்கைவிட்டு அகலக்கூடாது என்பதும், கால் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்பதும்தான். அமெரிக்கக் கடற்படைப் பீரங்கிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. விமானத்தைத் துரத்திச் சுழலும் குழாய் தன் கப்பலின் கட்டுமானத்தை நோக்கித் திரும்பிவிட்டால், சுடுபவர் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பகுதியைக் கடக்கும் வரை பீரங்கி சுடாது. சுடுகிற வெறியில் கால் தானாக நிற்காது என்று தெரிந்தவர்கள் செய்த பாதுகாப்பு! தன் கப்பலைக் காக்க அப்படி ஒரு தடை செய்ய முடிந்தது. கறுப்புக் காருக்கு எந்தப் பொறியாளரும் தடை செய்ய முடியாது.

இன்றும் இந்த மிதிகள் போய்விடவில்லை. 1960ஆம் ஆண்டு சோவியத்துப் படையில் சேர்ந்த இசட்.யு-23 என்ற இரட்டைக்குழல் பீரங்கியும் காலால் மிதித்தே சுடப்படுவது. 2011இல் லிபியாவில் சரக்கு வண்டிகளின் முதுகில் அதை ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் போரிட்ட படங்களைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அப்போது நான் குழல்களைத்தான் பார்த்தேன். இப்போது அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தால் என் கண் முதலில் அவர்களுடைய கால்களுக்குப் போகிறது. சிலர் காலில் சாதாரணச் செருப்பு.

பாட்டியின் மெசின் இப்போது என் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அதன்மேல் தொலைபேசியும் ஒரு பூச்சாடியும். மிதி இன்னும் அசைகிறது. எண்ணெய்தான் போட வேண்டும்.

சென்ற வாரம் நெம்புகோல் பாடத்துக்கு ஒரு சிறு சோதனை வைத்தேன். ‘நெம்புகோல் தத்துவத்தில் இயங்கும் மூன்று பொருள்களை எழுதுக’ என்பது ஒரு கேள்வி. பெரும்பாலோர் கத்தரிக்கோலையும் கடப்பாரையையும் எழுதியிருந்தார்கள். பின்வரிசைப் பையன் மூன்றாவதாக ‘பீரங்கியின் மிதி’ என்று எழுதி, அருகில் ‘ஷெர்மன்’ என்று எழுதி அடித்துவிட்டு, ‘பாபர்சு’ என்று எழுதியிருந்தான். ஷெர்மனில் இருந்தது மின்பொத்தான், நெம்புகோல் அன்று என்பதை அவனே நினைவுகூர்ந்து திருத்தியிருக்கிறான். எழுத்துப்பிழையை மட்டும் சிவப்பு மையால் திருத்திவிட்டு முழுப்புள்ளி போட்டேன்.